அவிழ்க்காத காப்பு

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா.”

வேலூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் சொன்னது இவ்வளவுதான். சின்ன வயதுக்காரர். தணிந்த குரல். சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார் – ஏதாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். செல்வி கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“எந்த வூட்டுக்கு சார்?”

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரியும். சொந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன்.

நான் படவேட்டில் குடியிருக்கிறேன், வேலூரில் வேலை பார்க்கிறேன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர். சம்புவராயர்கள் ஆண்டார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். செப்டிக் டேங்க்குக்குக் குழி வெட்டினால் கல்தூண் வருகிறது. எங்கள் காம்பவுண்டில் துணி துவைக்கும் கல்லின் அடிப்பக்கத்தில் கொடியும் பூவும் செதுக்கியிருக்கிறது. எந்த மண்டபத்துக் கல்லோ... அதன் மேல்தான் என் சட்டைக் காலர் தினமும் அடி வாங்குகிறது.

இப்போது இது பஸ் பிடிக்க ஓடுகிறவர்களின் ஊர். ஆரணிக்கு, வேலூருக்கு, ஷூ கம்பெனிக்கு. பொழுது விடியும்போது காலியாகி, இருட்டும்போது நிறைகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் வாடகை வீடுகளுக்குக் குறைவிருக்காது.

எங்கள் வீட்டுக்காரர் தனலட்சுமி அம்மாள். தெருவுக்கே அவர் தனம்மா. கணவர் இல்லை, மகன் சென்னையில். முன்போர்ஷனில் நானும் என் மனைவியும். நடுவில் அவர். பின்போர்ஷனில் செல்வியும் அவள் கணவன் காளியப்பனும். மாடியில் உள்ள அறைகள், ஆடி மாதம் பெரிய கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு.

வீடு பார்க்கப் போன அன்று தனம்மா என்னை முறையாக விசாரித்தார். என்ன வேலை, கறி மீன் சமைப்பீர்களா, வண்டி உண்டா, தண்ணீர் எவ்வளவு செலவாகும்... கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி.

“வூட்ல வயசானவங்க, சீக்காளிங்க யாராச்சும் கீறாங்களா சார்?”

இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. சாவியை எடுத்தார்.

ஒப்பந்தங்களை வரி விடாமல் படிக்கிறவன் நான். சுவரில் ஆணி அடிப்பது பற்றி அதில் ஒரு ஷரத்து இருந்தது. மாடிப்படியில் செருப்பு விடுவது பற்றிக்கூட இருந்தது. சாவைப் பற்றி எதுவும் இல்லை. எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாடகை வீட்டில் பிறக்கலாம். கல்யாணம் பேசலாம். பிள்ளைகளை வளர்க்கலாம். சாவதற்கு மட்டும் சொந்த வீடு வேண்டும். குடியிருப்பவர் இறந்துபோனால் ஆம்புலன்ஸ் அந்த வாசலில் நிற்காது. நேராகச் சொந்த ஊருக்குப் போய்விடும். சொந்த ஊர் இல்லாதவருக்கு நேராகச் சுடுகாடு.

காளியப்பனிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அவனும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். அன்றைக்கு அது உண்மை. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் அவனுக்கென்று ஒரு இடம். ஊர், மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம். கரும்பு வெட்ட இறங்கி வந்த பையன், கீழேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் இல்லை. பிறகு வயிற்றில் கட்டி வந்தது.

மலையில் இருந்த பங்கு வீடு இப்போது அவனுடைய அண்ணனிடம். படவேட்டிலிருந்து அங்கே போக, வேலூர் வந்து, திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஜீப் ஏற வேண்டும். ஜீப்பும் வாசல்வரை போகாது. கடைசித் தூரத்துக்கு டோலி கட்டித்தான் தூக்க வேண்டும்.

“படவேட்டுக்கே போயிடலாம் செல்வி. மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்றேன், அந்த வராந்தாவிலேயே. சொன்னது எனக்கே தைரியமாகத்தான் பட்டது. வாடகை வீட்டுக்காரன் இன்னொரு வாடகை வீட்டுக்காரனுக்குக் கொடுத்த வாக்குறுதி.

நாங்கள் காரில் வந்து இறங்கியபோது தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம். அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் காப்பு.

பெரிய கோயில் வேறு. இது தெருக்கோடியில் இருக்கும் சின்ன பொன்னியம்மன் கோயில். ஆடியில் கூழ் ஊற்றுவார்கள். அதற்கு முந்தின வாரம் காப்புக் கட்டு. வீட்டுக்கு ஒருவர் பூசாரியிடம் மஞ்சள் கயிறு வாங்கி வந்து, வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் கட்டுவார். கட்டிக்கொண்டவர்கள் கூழ் ஊற்றி முடியும்வரை ராத்திரி ஊருக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் படுக்க இங்கே வந்துவிட வேண்டும். பஸ்ஸில் போய் வந்து பிழைப்பவர்களுக்குத் தோதான விதி. இந்தக் கயிற்றைக் காட்டி நான் ஒரு சென்னை ஆடிட் வேலையையே தட்டிக் கழித்திருக்கிறேன்.

தனம்மா குடியிருப்பவர்களை விட்டுவிட்டுக் கட்டுகிறவர் அல்ல. அன்று மாலையும் தட்டில் மஞ்சள் கயிறுகளோடு வந்தார். எனக்குக் கட்டினார். என் மனைவிக்குக் கட்டினார். பின்போர்ஷனுக்குப் போனார். காளியப்பன் கட்டிலில் படுத்திருந்தான். அவரைப் பார்த்ததும், ஒவ்வொரு வருஷமும் செய்வதைப் போலக் கையை நீட்டினான். ஒவ்வொரு வருஷமும் செய்வதைப் போல அவரும் கட்டிவிட்டார்.

“டாக்டர் இன்னா சொன்னாங்க?” என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். செல்வி சொல்லாமல் அழுதாள். விஷயத்தை என் மனைவிதான் சொன்னாள்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தனம்மா வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

“சார், நான் கெட்டவ இல்ல.”

“யாரும்மா சொன்னது?”

“காப்புக் கட்டின தெருவுல சாவு விழுந்தா கூழ் ஊத்த முடியாது. தெருவே என்னை ஏசும். என் பையன் வேற போன்ல கத்தறான் – வூட்ல சாவு விழுந்துச்சுன்னா அப்புறம் யாரு குடி வருவாங்கன்னு. நீங்க சொன்னா செல்வி கேப்பா. மலைக்கு இட்டுனு போச் சொல்லுங்க சார். ஜீப்புக்கு நானே ஏற்பாடு பண்றேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் உண்மை. அவர் நிலையில் நான் இருந்தாலும் இதையேதான், இன்னும் நல்ல தமிழில் சொல்லியிருப்பேன்.

பின்போர்ஷனுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே செல்விக்குப் புரிந்துவிட்டது. மூலையில் ஒரு பை கட்டி வைத்திருந்தாள். மலைக்குப் போன் போட்டுப் பேசியும் விட்டிருந்தாள்.

காளியப்பன் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“மலைக்கா சார்?”

தலையசைத்தேன்.

“மேல ஏத்தறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். டோலி தூக்கறவங்களுக்குத்தான் வீண் பாரம்.” சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. பிறகு சொன்னான்: “இந்தக் கதவுக்குப் பெயிண்ட் நான்தான் அடிச்சேன் சார். பச்சை வேணாம்னாங்க அம்மா. நான்தான் அடிச்சேன். அதைப் பாத்துனு படுத்திருந்தா போதும் எனக்கு.”

நான் கதவைப் பார்த்தேன். நல்ல பச்சை.

அப்போது அவன் கையைத் தூக்கினான். மெலிந்த மணிக்கட்டு. அதில் புதுமஞ்சள் கயிறு.

“அம்மாதான் கட்டினாங்க. இதை இன்னா செய்றது சார்?”

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. தனம்மாவுக்கும் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக யோசிக்கிறவன் என்று பெயரெடுத்த என் கையிலும் அதே கயிறுதானே இருந்தது? காப்புக் கட்டியவனை ராத்திரி தங்க ஊருக்கு வெளியே எப்படி அனுப்புவது?

ஏழுமலையைக் கூப்பிட்டார்கள். சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறவர். எங்கள் தெருத் திருவிழாவுக்கு மைக் செட்டும் அவர்தான், பொறுப்பும் அவர்தான். துவைக்கும் கல்லில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார்.

“கயித்த அறுத்துட்டா?” என்றார் தனம்மா.

“அறுக்கறதா? இன்னாக்கா பேசற? கூழ் ஊத்தி, பூசாரி சொல்லி, மஞ்சத் தண்ணி விட்டு அவுக்கறது. நடுவுல அறுத்தா அவனுக்கு மட்டுமில்ல, தெருவுக்கே ஆகாது.”

“அப்போ இங்கயே வுட்டுடலாமா?”

“இங்க சாவு விழுந்தாலும் ஆகாது.”

“அப்போ இன்னாதான்டா செய்றது ஏழுமல?”

ஏழுமலை எழுந்துவிட்டார். “இன்னா செய்றதுன்னு என்னை ஏன் கேக்கற? சீக்காளிக்கு யாரக் கேட்டுக் கட்டின நீ?”

தனம்மா விடவில்லை.

“கைய நீட்டினான், கட்டினேன். நீ வந்து நீட்டினா மட்டும் யோசிச்சா கட்டுவாங்க? கேடு கெட்ட குடிகாரன் உனக்கே வருஷா வருஷம் கட்டறாங்க.”

யாரோ சிரித்தார்கள். ஏழுமலையும் கொஞ்சம் சிரித்துவிட்டார். அதோடு அந்தப் பஞ்சாயத்து முடிந்தது. முடிவு என்று யாரும் எதையும் சொல்லவில்லை. காளியப்பன் போகவில்லை என்பதுதான் முடிவு.

போகும்போது ஏழுமலை பின்போர்ஷன் வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. கதவருகிலிருந்தே சொன்னார்.

“கூழ் ஊத்தற வரைக்கும் இரு நைனா.”

“பாக்கறேண்ணே” என்றான் காளியப்பன்.

அந்த வாரம் நடந்ததை எப்படி எழுதுவது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு தெரு முழுவதும் ஒரு மனிதனை உயிரோடு வைத்துக்கொள்ள முனைந்தது. அதுவரை அவன் பெயர்கூடத் தெரியாதவர்கள் இளநீர் கொண்டு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் டேபிள் ஃபேன் கொடுத்தனுப்பினார். கம்பெனி பஸ் டிரைவர், ஹாரன் அடிக்காமல் வந்து நின்று போனார். ஏழுமலை கம்பத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரின் வாயை, பின்போர்ஷன் ஜன்னலில் சத்தம் விழாதபடி வேறு பக்கம் திருப்பி வைத்தார். காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது என்னை நிறுத்தி எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “எப்படி கீறாரு?”

அன்பா? கூழ் நின்றுவிடக் கூடாதே என்ற பயமா?

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே யோசித்தேன். பயத்தில்தான் தொடங்கியது, சந்தேகமில்லை. ஆனால் பயத்தால் ஒருவனுக்கு இளநீர் கொண்டுபோகிறவர், அதை அவன் வாயில் வைக்கும்போது என்ன ஆகிறார்? அவன் தலையை ஒரு கையால் தாங்க வேண்டியிருக்கிறது. வழிவதைத் துண்டால் துடைக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் அவர் கேட்கும் “எப்படி கீறாரு?” முந்தின நாள் கேட்டதைப் போல இருக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கூழ் ஊற்றும் ஞாயிறும் வந்தது. காளியப்பன் இருந்தான்.

கரகம் எங்கள் வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து அவனை வாசல்வரை கொண்டுவந்திருந்தோம். கரகம் தூக்கியவரின் காலில் தனம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அவர் நிமிர்ந்தபோது கரகக்காரர் நகராமல் நின்றார். காளியப்பனை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேப்பிலையால் அவன் தலையைத் தொட்டார். பிறகுதான் மேளம் நகர்ந்தது. செல்வி ஒரு ஸ்பூன் கேழ்வரகுக் கூழை அவன் உதட்டில் வைத்தாள். நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, “மோர் பத்தல” என்றான். கூழ் காய்ச்சிய பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை காப்பு அவிழ்ப்பு. எல்லோரும் கோயிலுக்குப் போய் அவிழ்த்துக்கொண்டோம். வர முடியாதவர்களுக்கு, கட்டியவரே வீட்டில் மஞ்சள் தண்ணீர் விட்டு அவிழ்க்கலாம் என்று பூசாரி சொன்னார். தனம்மா ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் வாங்கி வந்தார்.

அன்று இரவு பார்த்தேன், காளியப்பன் கையில் கயிறு அப்படியே இருந்தது.

பாதியில் நிற்கும் காரியங்களை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. காலையில் தனம்மாவிடம் ஞாபகப்படுத்தினேன்.

“மறந்துட்டேன் சார்.”

“இப்போ அவிழ்த்துடலாமே?”

“இன்னைக்கு செவ்வாக்கெழம. அவுக்கக் கூடாது.”

புதன்கிழமை கேட்டேன். கையில் எண்ணெய் என்றார். அதற்கடுத்த நாள், “அமாவாசை போவட்டும் சார்” என்றார். காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை அப்போதுதான் முடிந்திருந்தது. அடுத்ததற்கு நிறைய நாள் இருந்தது.

விவரம் தெரிந்தவன் என்று என்னைச் சொல்வார்கள். எனக்கு உறைத்தது அன்று சாயங்காலம்தான். ஏழுமலை கம்பத்தில் ஏறி ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னாக்கா, திருவிழாதான் முடிஞ்சிதே. இன்னும் மலைக்கு அனுப்பலயா? மாடிக்கு ஆள் வர்ற நேரமாச்சே. உன் பையன் எனக்குப் போன் பண்றான்.”

தனம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்படி அனுப்பறது? அவன் கையில காப்பு கீது.”

ஏழுமலை கம்பத்தில் இருந்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆமாமா” என்றார் கடைசியில். “காப்பு இருந்தா அனுப்ப முடியாது.”

ஒயரைச் சுருட்டி முடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. சென்னையிலிருந்து வந்த போனுக்கும் அதே பதிலைச் சொன்னாராம். நானும் ஞாபகப்படுத்துவதை நிறுத்தினேன். காலண்டர் பார்ப்பதையும்.

காளியப்பன் ஒரு விடிகாலையில் போனான். கம்பெனி பஸ் வரும் நேரம். செல்வி கதவைத் திறந்து வெளியே வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். தனம்மா அவளருகில் போய் உட்கார்ந்தார். வண்டி ஏற்பாடு பண்ணட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. அவனை முற்றத்தில், பச்சைக் கதவுக்கு எதிரே கிடத்தினார்கள். மாடியில் தங்கியிருந்த வெளியூர்க் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப் போனது. போகிறவர்களைத் தனம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையிலிருந்து அண்ணன் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் ஏழுமலை பந்தலும் நாற்காலியும் போட்டிருந்தார்.

குளிப்பாட்டும்போது ஒரு பெரியவர் கத்தி கேட்டார், கயிற்றை அறுக்க.

“இருங்க” என்றார் தனம்மா.

உள்ளே போய் அந்தச் சொம்பை எடுத்து வந்தார். மஞ்சள் அடியில் தங்கிவிட்ட தண்ணீர். அவன் மணிக்கட்டில் ஊற்றினார். முடிச்சைத் தேடிப் பிடித்தார். நனைந்து காய்ந்து இறுகிப் போன முடிச்சு. நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு குனிந்து பல்லால் இழுத்தார். நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

“கெட்டியாக் கட்டிட்டேன்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

முடிச்சு அவிழ்ந்தது. கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவன் காதருகில் குனிந்தார்.

“இப்போ போலாம் நைனா. போய்ட்டு வா.”

செல்வி அதே பின்போர்ஷனில்தான் இருக்கிறாள். கம்பெனி பஸ் மறுபடி ஹாரன் அடிக்கிறது. மாடி அறைகளை இனிமேல் மாத வாடகைக்கே விடலாம் என்று தனம்மா முடிவு செய்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் பார்க்க வந்தது. ஆரணியில் வேலை பார்க்கும் பையன், மனைவி, கைக்குழந்தை. அவன் அம்மாவும் கூட வந்திருந்தார். படி ஏற முடியாமல் கீழே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசாரணை வழக்கம்போல நடந்தது. என்ன வேலை, கறி மீன் உண்டா, வண்டி எங்கே நிறுத்துவீர்கள், தண்ணீர் எவ்வளவு... பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு அந்தக் கடைசிக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தனம்மா அந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். சாவியை எடுத்துப் பையனிடம் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “வழக்கமா ஒண்ணு கேட்பீங்களேம்மா?”

“மறந்துட்டேன் சார்” என்றார்.